உம்மாவின் கிணறும் ஆறு கேள்விகளும்

2004 டிசம்பர் 26 காலை கடல் ஊருக்குள் வந்து திரும்பிய பின்னர், மருதமுனையில் உம்மா பிறந்து வளர்ந்த வளவில் எஞ்சியது ஒரு கிணறு மட்டுமே. நான் அப்போது பிறந்திருக்கவில்லை. அந்த வளவையும் அதைச் சுற்றியிருந்தவற்றையும் நினைவுள்ளவர்கள் இருக்கும்போதே பதிந்து வைக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு. உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பதால் கடந்த விடுமுறையில் துணிந்து இறங்கினேன்.

நாம் படிக்கும் சாதாரண தரவுத்தளம் பெயர், வயது, புள்ளி போன்றவற்றைச் சேமிக்கும். போஸ்ட்ஜிஐஎஸ் போன்ற இடஞ்சார் தரவுத்தளமோ வடிவங்களையும் சேமிக்கும். கிணறு ஒரு புள்ளி. வீதி ஒரு கோடு. வளவு ஒரு பல்கோணி. கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு உம்மா காட்டிய இடமெல்லாம் நடந்து அளந்தேன். இரவு எல்லாவற்றையும் ஏற்றி வரைபடத்தைத் திறந்தபோது உம்மா எட்டிப் பார்த்தார்.

"எங்கட கிணறு எங்க மகள்?"

மருதமுனையில் கிணறு இல்லை. தேடினால், அது ஸ்வால்பார்ட் தீவுகளுக்கும் வடக்கே ஆர்க்டிக் சமுத்திரத்தில் கிடந்தது!

அன்றுதான் ஒரு பாடம் கற்றேன். தூரம் எவ்வளவு, பரப்பளவு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னர், ஒரு வடிவத்திடம் அதைப் பற்றியே கேட்க வேண்டிய ஆறு கேள்விகள் உள்ளன. எந்த வகை வடிவமாயினும் இவற்றுக்குப் பதில் சொல்லும்.

முதலாவது, 'நீ எங்கிருந்து எங்கு வரை பரந்திருக்கிறாய்?' இதற்கு 'என்வலப்' என்ற கட்டளை, வடிவத்தைச் சுற்றி அடங்கும் செவ்வகத்தைத் தரும். இலங்கை முழுவதும் ஏறத்தாழ கிழக்கு நெடுங்கோடு 79.6 முதல் 81.9 வரையும், வட அகலக்கோடு 5.9 முதல் 9.9 வரையும் அடங்கும். என் செவ்வகமோ கிழக்கு 7.4, வடக்கு 81.8 என்றது. புவியியல் பாடப் பழக்கத்தில் அகலக்கோட்டை முதலில் எழுதியிருந்தேன்; போஸ்ட்ஜிஐஎஸ் நெடுங்கோட்டையே முதலில் எதிர்பார்க்கும். அகலக்கோடு 90 பாகை வரை செல்லலாம் என்பதால் 81.8 என்ற எண்ணில் கணினிக்குப் பிழை தெரியவில்லை. மாற்றி எழுதியதும் கிணறு ஊருக்கு வந்து சேர்ந்தது.

அடுத்து வளவின் பரப்பளவைக் கேட்டேன். பூச்சியம் என்றது. இங்கேதான் இரண்டாவது, மூன்றாவது கேள்விகள் உதவின: 'நீ என்ன வகை?', 'உன் பரிமாணம் எத்தனை?' புள்ளியின் பரிமாணம் 0, கோட்டுக்கு 1, பல்கோணிக்கு 2. வேலியோரம் நடந்து பதிந்ததால் என் வளவு வெறும் கோடாகவே இருந்தது. தொடங்கிய இடத்திலேயே முடிந்தாலும் கோடு கோடுதான். அதற்குப் பரப்பளவு இல்லை.

கோட்டைப் பல்கோணியாக்கும் முன்னர் நான்காவது கேள்வி: 'நீ எளிய வடிவமா?' கோடு தன்னைத் தானே வெட்டாமல் சென்றால் 'ஆம்' என்று பதில் வரும். எனக்கு 'இல்லை' என்று வந்தது. நடந்தபோது விட்டுவந்த செருப்பை எடுக்கத் திரும்பியது நினைவுக்கு வந்தது. அந்தத் துண்டை நீக்கியதும் சரியாயிற்று.

ஐந்தாவது கேள்விதான் மிக முக்கியம்: 'உன் எண்கள் எந்த ஆள்கூற்று முறையைச் சேர்ந்தவை?' இதற்கான இலக்கமே எஸ்.ஆர்.ஐ.டி. கைத்தொலைபேசி தருவது 4326. அதில் அளவு பாகையில் இருக்கும். இலங்கையின் 1999ஆம் ஆண்டு தேசிய வலையமைப்புக்கு 5235. அதில் அளவு மீற்றரில் இருக்கும். கிணற்றுக்கும் கரைக்கும் இடைத்தூரம் 0.0015 என்று வந்தபோது நான் திகைத்ததற்குக் காரணம் அதுதான். அது மீற்றர் அல்ல, பாகை. 5235க்கு உருமாற்றிய பின்னர் ஏறத்தாழ 165 மீற்றர் என்று வந்தது. ஒன்றை மறக்க வேண்டாம்: இலக்கத்தை மட்டும் மாற்றி ஒட்டுவது வேறு, ஆள்கூறுகளையே கணித்து உருமாற்றுவது வேறு.

சுனாமிக்குப் பின்னர் கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் மீளக் கட்டுவதற்குத் தடை அறிவிக்கப்பட்டது. பின்னர் அது தளர்த்தப்பட்டாலும், அதற்குள் எங்கள் குடும்பம் இடம் மாறிவிட்டது. பக்கத்து ஒழுங்கையில் மாமி மட்டும் பழைய இடத்திலேயே வீடு கட்டினார். அது ஏன் என்று சிறுவயதிலிருந்தே எனக்குக் கேள்வி. இன்றைய கரையிலிருந்து 200 மீற்றர் வலயத்தை வரைந்து, இரு வளவுகளும் அதனுடன் வெட்டும் பகுதியைக் கேட்டேன். பாகையிலேயே கேட்டிருந்தால் 200 பாகைக்குள் நாடே அடங்கியிருக்கும்!

எங்கள் வளவுக்கு ஒரு பல்கோணி வந்தது. மாமியின் வளவுக்கு வந்ததிடம் ஆறாவது கேள்வியைக் கேட்டேன்: 'நீ வெறுமையா?' 'ஆம்' என்றது. வெறுமை என்றால் தகவல் இல்லை என்று பொருளல்ல. இடமே தெரியாத வளவுக்கு 'நல்' என்ற குறி இருக்கும். வெறுமை என்பதோ, கணித்துப் பார்த்துப் பொதுவான பகுதி ஏதுமில்லை என்று கிடைத்த உறுதியான பதில்.

உம்மாவிடம் திரையைக் காட்டினேன். கிணற்றின் புள்ளியில் விரலை வைத்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதுக்கு மேற்கால ஒரு மாமரம் நிண்டது, அதையும் போடு" என்றார்.

தோழிகளே, கணினி தரும் எண் பிழையின்றித் தோன்றினாலும், அது எதைப் பற்றிய எண் என்று முதலில் கேளுங்கள். பெற்றோரே, உங்களுக்கு நினைவிருக்கும் இடங்களைப் பிள்ளைகளுடன் ஒருமுறை நடந்து காட்டுங்கள். பதிந்து வைக்க நாங்கள் இருக்கிறோம்.