தோம்பின் கழுத்தில் என்ன எழுதியிருக்கிறது? கிளைடர் விமானிகளின் ஆக்சிஜன் கணக்கு

வீட்டுக்குச் சமையல் எரிவாயுத் தோம்பு வந்திறங்கும்போது அதன் கழுத்தில் பொறித்திருக்கும் எழுத்துகளைக் குனிந்து படிப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? கசிகிறதா என்று முகர்ந்து பார்ப்போம், அதோடு சரி. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் மிண்டன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கு கிளைடர் ஓட்டுகிறவர்கள் அப்படி இருந்துவிட முடியாது. அவர்களுடைய ஆக்சிஜன் தோம்பில் அடுத்த முறை காற்று ஏறுமா இல்லையா என்பதையே அந்தக் கழுத்து எழுத்துகள்தான் தீர்மானிக்கின்றன.

கிளைடர் என்பது இயந்திரம் இல்லாத விமானம். வேறொரு விமானம் அதைக் கயிறு கட்டி மேலே இழுத்துச் சென்று விட்டுவிடும். அதன் பிறகு மேலெழும் காற்றைத் தேடிப் பிடித்து ஏறுவது விமானியின் திறமை. மிண்டனுக்கு மேற்கே சியரா நெவாடா மலைத்தொடர் சுவர்போல் நிற்கிறது. மேற்கிலிருந்து வீசும் பலத்த காற்று அந்தச் சுவரைத் தாண்டி மறுபக்கம் விழுந்து மீண்டும் எழும்பும். ஆற்றில் பாறையைத் தாண்டும் தண்ணீர் அலையடிப்பதைப் போலத்தான். அந்த அலையில் ஏறிக்கொண்டால் கிளைடர் நம்ப முடியாத உயரத்துக்குப் போகும். 1961ஆம் ஆண்டில் பால் பைக்கிள் என்பவர் சியரா அலையில் 46,267 அடி வரை ஏறிச் சாதனை படைத்தார். பயணிகள் விமானத்தில் இருப்பதுபோல் காற்றழுத்தம் காக்கும் அறை அவருடைய கிளைடரில் இல்லை. அவரை உயிரோடு வைத்திருந்தது ஆக்சிஜன் தோம்பு.

அந்த உயரங்களை நமக்குத் தெரிந்த ஒன்றோடு ஒப்பிடலாம். கினாபாலு மலையின் உச்சி 4,095 மீட்டர், அதாவது சுமார் 13,400 அடி. ஏறியவர்களைக் கேட்டால், கடைசிச் சில நூறு மீட்டரில் நாலு எட்டு வைத்ததும் நின்று மூச்சு வாங்கியதைச் சொல்வார்கள். அமெரிக்க விமான விதி அந்த உச்சிக்கும் கீழே, 12,500 அடியிலேயே தொடங்கிவிடுகிறது. அதற்கு மேல் 14,000 அடி வரையிலான உயரத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் பறந்தால் விமானி ஆக்சிஜன் சுவாசிக்க வேண்டும். 14,000 அடிக்கு மேல் போனால் அங்கிருக்கும் நேரம் முழுவதும் சுவாசிக்க வேண்டும். 18,000 அடி வரை மூக்கில் செருகும் மெல்லிய குழாய் போதும். அதற்கு மேல் முகமூடி தேவை.

இதில் பயமுறுத்துவது என்னவென்றால், ஆக்சிஜன் குறைவது விமானிக்குத் தெரியாது. மூச்சுத் திணறல் என்று நாம் சொல்லும் அந்தத் தவிப்பு, உடலில் கரியமில வாயு சேர்வதால் வருவது. உயரத்தில் அது வழக்கம்போல் வெளியேறிவிடும்; ஆக்சிஜன் மட்டுமே குறையும். அதனால் தவிப்பு வராது. மாறாக, சிலருக்கு மனம் உற்சாகமாகக்கூட இருக்கும். கணக்குத் தப்பும், கை தடுமாறும், பிறகு நினைவு போகும். 25,000 அடியில் ஆக்சிஜன் நின்றுபோனால் தெளிவாகச் செயல்படக் கிடைப்பது 3 முதல் 5 நிமிடம் மட்டுமே. தனியாகப் பறப்பவரைத் தட்டி எழுப்ப அங்கே யாரும் இல்லை.

இனித் தோம்புக்கு வருவோம். உலகில் பறக்கும் நல்ல கிளைடர்களில் பெரும்பாலானவை ஜெர்மனியில் செய்யப்பட்டவை. பழைய ஜெர்மன் கிளைடர் ஒன்றை வாங்கி, கப்பலில் அமெரிக்காவுக்குக் கொண்டுவருகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இருக்கைக்குப் பின்னால், அதற்கென்றே அமைத்த குழிக்குள், ஒல்லியான ஆக்சிஜன் தோம்பு ஒன்று அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்திருக்கும். முதல் சில பயணங்களுக்கு அதில் உள்ள வாயு போதும். தீர்ந்ததும் வாயு நிரப்பும் கடைக்கு எடுத்துப் போவார். கடைக்காரர் கழுத்தைப் படித்துவிட்டுத் தோம்பைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

தோம்பில் குறை எதுவும் இல்லை. அதன் கழுத்தில் ஐரோப்பிய ஒப்புதலைக் காட்டும் ‘பை’ என்ற கிரேக்க எழுத்து இருக்கிறது. ஆனால் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் டி.ஓ.டி. முத்திரை இல்லை. சில விதிவிலக்குகளைத் தவிர, அந்த முத்திரையோ அந்நாடு ஏற்கும் வேறு முத்திரையோ இல்லாத தோம்பை அங்கே நிரப்பி வண்டியில் ஏற்றி அனுப்பக் கூடாது. சோதனைத் தேதியிலும் சிக்கல் வரும். ஐரோப்பாவில் ஆக்சிஜன் தோம்புகளுக்குப் பொதுவாக 10 ஆண்டுக்கு ஒரு முறை சோதனை. அமெரிக்காவில் பெரும்பாலானவற்றுக்கு 5 ஆண்டு. அங்கே தவணை மீதமுள்ள தோம்பு, இங்கே தவணை கடந்ததாகிவிடலாம்.

“அப்படியானால் அமெரிக்காவிலேயே ஒரு சோதனை செய்து முத்திரை குத்தி வாங்கிவிடலாமே” என்று யாருக்கும் தோன்றும். முடியாது. மறுசோதனை என்பது தோம்பு இன்னமும் பலமாக இருக்கிறதா என்பதை மட்டும் சொல்லும். எந்த நாட்டு விதிப்படி, யாருடைய மேற்பார்வையில் அது பிறந்தது என்பதை மாற்றாது. பிறப்புப் பத்திரத்தைப் பிற்பாடு திருத்தி எழுத முடியாது அல்லவா!

அந்தச் சோதனை செய்யப்படும் விதம் எளிமையானது, அதே சமயம் புத்திசாலித்தனமானது. தோம்பைக் காலி செய்து, விளக்கு விட்டு உள்ளே துரு, எண்ணெய்ப் பசை, கீறல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு அதில் தண்ணீர் நிரப்பி, தண்ணீர் நிறைந்த இன்னொரு பெரிய உருளைக்குள் இறக்கி மூடுவார்கள். வழக்கமான அழுத்தத்தைப் போல் மூன்றில் ஐந்து மடங்கு அழுத்தம் ஏற்றுவார்கள். கழுத்தில் 2,015 என்று இருந்தால், சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 3,360 பவுண்டு வரை. தோம்பு சற்றே உப்பும். எவ்வளவு உப்பியது என்பதை வெளி உருளையிலிருந்து தள்ளப்படும் தண்ணீர் காட்டிவிடும். அழுத்தத்தை இறக்கியதும் தோம்பு பழைய உருவத்துக்குத் திரும்ப வேண்டும். உப்பியதில் 10 விழுக்காட்டுக்கு மேல் திரும்பாமல் நின்றுவிட்டால், உலோகம் களைத்துவிட்டது என்று பொருள். உடனே முத்திரை மேல் வரிசையாகப் பெருக்கல் குறிகளைக் குத்தி ஒதுக்கிவிடுவார்கள். காற்றுக்குப் பதில் தண்ணீரை ஏன் பயன்படுத்துகிறார்கள்? தண்ணீர் சுருங்குவது மிகவும் குறைவு. சோதனையில் தோம்பு விரிசல் விட்டாலும் தண்ணீர் பீறிடுவதோடு முடிந்துவிடும். காற்றாக இருந்தால் அது வெடிகுண்டு.

தேறிய தோம்பில் மாதமும் ஆண்டும் பொறிக்கப்படும். இரண்டுக்கும் நடுவே, சோதித்த நிலையத்தின் நான்கு எழுத்து அடையாளம் சதுரமாக அமைந்திருக்கும். பழைய அலுமினியத் தோம்பு என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. 6351 என்ற எண் கொண்ட கலப்பு உலோகத்தில் முன்பு செய்யப்பட்ட தோம்புகளின் கழுத்துத் திருகில், பல ஆண்டு அழுத்தத்தால் மெல்லிய விரிசல் விழுவது கண்டறியப்பட்டது. அவை ஆக்சிஜனுக்குப் பயன்பட்டால், கழுத்தை மின்சுழல் கருவியால் கூடுதலாகச் சோதிக்க வேண்டும்.

நிறத்தை நம்பலாமா? கூடவே கூடாது. அமெரிக்காவில் ஆக்சிஜன் தோம்புக்குப் பச்சை நிறம். ஐரோப்பாவில் தோளில் வெள்ளை பூசியிருந்தால் ஆக்சிஜன். கரும்பச்சை என்றால் ஆர்கான். ஆர்கானைச் சுவாசித்தால் மூளைக்கு எதுவுமே போகாது. எழுத்தைப் படிக்காமல் வண்ணத்தைப் பார்த்து வாங்கியவரின் நிலைமையை எண்ணிப் பாருங்கள்.

கடைக்காரர் மறுத்ததும் சிலர் தாங்களே நிரப்பிக்கொள்ள இறங்குகிறார்கள். பெரிய தோம்பிலிருந்து சிறியதற்குக் குழாய் போட்டு மாற்றுவதுதான் வேலை. ஜெர்மன் வால்வின் திருகும் அமெரிக்கத் திருகும் பொருந்தாது என்பதால் நடுவில் ஓர் இணைப்பான் வேண்டும். அங்கேதான் ஆபத்து. தோட்டத்து ஆலைப் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்த நம் பெரியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: ஆக்சிஜன் வால்வை எண்ணெய்க் கையால் தொடக் கூடாது. அழுத்தத்தில் உள்ள ஆக்சிஜனில் எண்ணெய், கிரீஸ் போன்றவை மிக எளிதில் தீப்பிடிக்கும். வால்வைச் சட்டென்று திறந்தால் குழாயின் முனையில் வாயு நொடியில் நெருக்கப்பட்டுக் கடுமையாகச் சூடாகும். ஒரு துளி பசை இருந்தால் போதும். ஆகவே வால்வை மெல்ல, மிக மெல்லத் திறக்க வேண்டும்.

அப்படியே நிரப்பினாலும் முழுக் கொள்ளளவு கிடைப்பதில்லை. இரண்டு தோம்பிலும் அழுத்தம் சமமானதும் ஓட்டம் நின்றுவிடும். 200 பார் தாங்கும் ஜெர்மன் தோம்பை, 150 பார் உள்ள பெரிய தோம்பிலிருந்து நிரப்பினால் 150ஐக் கூட எட்டாது. அதனால் பல பெரிய தோம்புகளை வரிசையாக வைத்து, அழுத்தம் குறைந்ததில் தொடங்கி அதிகமானதில் முடிப்பார்கள்.

எவ்வளவு நேரத்துக்குப் போதும் என்பது எளிய கணக்கு. 2 லிட்டர் தோம்பில் 200 பார் இருந்தால் சுமார் 400 லிட்டர் ஆக்சிஜன். தொடர்ந்து பாயும் கருவிக்கு, ஒவ்வொரு 10,000 அடிக்கும் நிமிடத்துக்கு 1 லிட்டர் என்பது பழைய கணக்கு. 18,000 அடியில் 1.8 லிட்டர், மூன்றே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். ஆனால் கடைசிச் சொட்டு வரை தீர்ப்பது கிடையாது. அழுத்தம் முற்றிலும் இறங்கினால் வெளிக்காற்றின் ஈரம் உள்ளே புகும். அந்த ஈரம் குளிரான உயரத்தில் உறைந்து வாயுவின் வழியை அடைத்துவிடலாம். விமானிகளுக்கென விற்கப்படும் ஆக்சிஜனில் தூய்மை 99.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பதோடு, ஈரத்துக்கும் கடுமையான வரம்பு விதித்திருப்பது இதற்காகத்தான்.

கடைசியில் அந்த ஜெர்மன் தோம்பை என்னதான் செய்வது? பலர் அதைக் கழற்றி வைத்துவிட்டு, அதே குழிக்குள் அடங்கும் டி.ஓ.டி. முத்திரைத் தோம்பு ஒன்றைத் தேடி வாங்குகிறார்கள். விட்டமும் நீளமும் ஒத்துப்போக வேண்டும், ரெகுலேட்டரும் மாற்ற வேண்டும் என்பதால் செலவு கையைக் கடிக்கும். ஒரு முறை பட்டவர்கள் அடுத்த முறை வெளிநாட்டுக் கிளைடருக்கு விலை பேசும்போது, இறக்கையின் படத்தோடு தோம்புக் கழுத்தின் படத்தையும் அனுப்பச் சொல்கிறார்கள்.