நடிப்பு இல்லை, தொடர்பு இல்லை

எம்.ஆர்.ஐ. அறையில் வேலை பார்ப்பவள் நான். மறதி முற்றிய பெற்றோரை அழைத்துவரும் பிள்ளைகள் பலர் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொல்வார்கள்: "சில நேரம் நடிக்கிறாங்களோன்னு தோணுது மேடம்." அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. காலையில் சாப்பிட்டது அம்மாவுக்கு நினைவில்லை. ஆனால் மல்லிகையையும் வாழைநாரையும் கொடுத்தால் விரல்கள் முடிச்சுத் தவறாமல் முழம்முழமாகக் கட்டுகின்றன. பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்?

இப்படி மறதியைத் தரும் அல்சைமர் நோய் மூளையை ஒரே சீராக அழிப்பதில்லை. டௌ என்ற புரதம் நரம்பு செல்களுக்குள் சிக்கலாகத் திரளும் வரிசையை, ஜெர்மனியின் ஹைக்கோ பிராக், ஏவா பிராக் தம்பதி 1991இல் வகுத்துக் காட்டினார்கள். புதிய நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸும் அதை ஒட்டிய பகுதியும் முதலில் அடிபடுகின்றன. கைகால்களை இயக்கும் மேற்பரப்புப் பகுதி பெரும்பாலும் கடைசிவரை தப்பிக்கிறது. அந்த அம்மாவின் விரல்கள் பொய் சொல்லவில்லை.

செல்கள் சாவது மட்டுமல்ல, பகுதிகளுக்கு இடையிலான தொடர்பும் அறுகிறது. சும்மா இருக்கும்போதும் மூளையின் சில பகுதிகள் சேர்ந்தே இயங்குகின்றன. நேற்றை நினைப்பதிலும் நாளையைத் திட்டமிடுவதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. இந்த வலைப்பின்னலை அமெரிக்காவின் மார்கஸ் ரைக்கிள் குழு 2001இல் விவரித்தது. அல்சைமரின் தொடக்க நிலையிலேயே அது தளர்ந்திருப்பதை 2004இல் ஸ்டான்ஃபோர்டின் மைக்கேல் கிரைசியஸ் குழு காட்டியது. தொடர்பை எம்.ஆர்.ஐ.யில் இப்படிப் பார்க்கிறார்கள்: இரண்டு இடங்களில் ரத்த ஆக்சிஜன் ஒருசேர ஏறி இறங்கினால் அவை தொடர்பில் இருக்கின்றன என்று கணக்கு.

ஆரம்பத்தில் எல்லாத் தொடர்பும் குறைவதில்லை என்பதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. சில இடங்களில் கூடுகிறது. பேருந்து நிலையத்தை மூடினால் சந்துகளில் நெரிசல் ஏறுவதைப் போல. மூளை ஈடுகட்டப் பார்க்கிறதா, இதுவே பாதிப்பின் அடையாளமா என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். நோய் முற்றும்போது அந்தத் தொடர்புகளும் விழுகின்றன.

நாங்கள் கொடுக்கும் ஃபிலிமில் இதெல்லாம் தெரியாது. அதில் தெரிவது மூளை சுருங்கியிருப்பது மட்டும்தான். தொடர்பு வரைபடம் இன்னும் ஆராய்ச்சிக்கூடத்துச் சமாச்சாரம். அதனால் டாக்டரிடம் போகும்போது ஃபிலிமோடு ஒரு தாளும் கொண்டுபோங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். கடைக்கணக்கு எப்போது குழம்பியது, தெரிந்த தெருவில் எப்போது வழி தவறியது, எந்தப் பேரப்பிள்ளையின் பெயர் முதலில் போனது, இன்னும் எதெல்லாம் தானாகச் செய்கிறார் என்று எழுதிய தாள். வீட்டில் இருப்பவர்களைத் தவிர வேறு யாராலும் அதை எழுத முடியாது.