அலுமினிய வெல்டிங்கில் எத்தனை துளை தாங்கும்?

அலுமினியத் தகடுகளை வெல்டிங் செய்து இணைத்தால் அந்த இணைப்பில் நுண்துளைகள் விழுவது சாதாரணம். ஐஎஸ்ஓ 10042 என்ற பன்னாட்டுத் தரவிதி அவற்றை அடியோடு தடைசெய்யவில்லை. பி, சி, டி என்று மூன்று தரநிலைகளை வகுத்து, துளையின் அளவுக்கும் பரவலுக்கும் வரம்பு வைக்கிறது. இவற்றில் பி மிகக் கண்டிப்பானது. துளைகளை இப்படி அனுமதிப்பதைச் சலுகை என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கோ, இந்த உலோகத்தின் குணம் அறிந்தவர்கள் எழுதிய விதியாகவே படுகிறது.

துளைக்குக் காரணம் ஹைட்ரஜன். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். உருகிய நிலையில் கரைத்து வைத்திருக்கும் ஹைட்ரஜனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கைத்தான் இறுகிய பிறகு தாங்கும். மீதி வெளியேறியாக வேண்டும். அலுமினியம் வெப்பத்தை வேகமாகக் கடத்துவதால் இணைப்பு சட்டென்று உறைகிறது. மேலே எழ நேரமில்லாத குமிழி அங்கேயே சிக்கிவிடுகிறது. ஃபிரிட்ஜில் உறையும் பனிக்கட்டியின் நடுப்பகுதி வெளுத்திருப்பதும் இப்படிச் சிக்கிய காற்றால்தான்.

ஹைட்ரஜன் வருவது ஈரத்திலிருந்தும் எண்ணெயிலிருந்தும். அலுமினியத்தின் மேல் எப்போதும் படிந்திருக்கும் ஆக்சைடு படலம் காற்றின் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தகட்டில் மட்டுமல்ல, நிரப்புக் கம்பியிலும் இதே கதைதான்.

வெல்டிங் முடிந்ததும் முதலில் வருவது கண்பரிசோதனை. கண் 600 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், பார்வைக் கோணம் 30 டிகிரிக்குக் குறையக் கூடாது, வெளிச்சம் குறைந்தது 350 லக்ஸ் வேண்டும் என்கிறது ஐஎஸ்ஓ 17637. 500 லக்ஸ் இருந்தால் நல்லது. இது வெறும் சம்பிரதாயம் அல்ல. அலுமினியம் பளபளக்கும், கூசும் ஒளியில் சிறு துளை மறைந்துபோகும்.

நல்ல ஆய்வாளர் துளைகளை எண்ணுவதோடு நிற்க மாட்டார். அவை எங்கே, எப்படிக் கிடக்கின்றன என்று பார்ப்பார். இணைப்பு நெடுகச் சீராகச் சிதறியிருந்தால் கம்பியையோ, உருகிய உலோகத்தைக் காற்றுப் படாமல் காக்கும் ஆர்கான் வாயுவையோ சந்தேகிப்பார். ஓரிடத்தில் மட்டும் கொத்தாக இருந்தால், அந்த நேரம் காற்று அடித்து ஆர்கான் திரையைக் கலைத்திருக்கலாம். ஒரே கோட்டில் வரிசையாக நின்றால்தான் கவலை: இரு விளிம்புகளும் சரியாக உருகிச் சேரவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கக்கூடும்.

கண்ணுக்கு எட்டுவது மேற்பரப்பு மட்டுமே. உள்ளே இருப்பதைக் காண எக்ஸ்ரேயோ அல்ட்ராசோனிக்கோ வேண்டும். இணைப்பின் புடைப்பைக் கிரைண்டரால் சமன்செய்யும்போது உள்ளே புதைந்திருந்த துளைகள் வாய் திறப்பதும் உண்டு. அதனால் சமன்செய்த பின் மறுபடி பார்த்தே ஆக வேண்டும். அங்கங்கே சிதறிய உருண்டைத் துளைகள் நிலையான சுமையில் பெரிதாகப் பலம் குறைப்பதில்லை. அதிர்ந்துகொண்டே இருக்கும் படகிலும் வண்டியிலும் நிலைமை வேறு. அங்கே மேற்பரப்புத் துளையிலிருந்து விரிசல் கிளம்பலாம். வாயுத் தொட்டியில் என்றால் கசிவு.

துளை கண்ட இடத்தையெல்லாம் தோண்டி மறுபடி வெல்டிங் செய்வதும் தீர்வல்ல. 6061-டி6 போன்ற, வெப்பப் பதத்தால் வலுவேற்றிய கலவைகள் வெல்டிங் சூட்டில் இளகுகின்றன. இணைப்பை ஒட்டிய பகுதி கணிசமாக வலு இழக்கிறது. கெடுதல் செய்யாத துளையை அகற்றப்போய் அதைவிடப் பெரிய கெடுதல் நேரலாம். வரம்பு வகுத்ததன் நியாயம் இதில்தான் இருக்கிறது.

ஆகவே உண்மையான வேலை ஆர்க் பற்றுவதற்கு முன்பே நடக்க வேண்டும். அசிட்டோன் போன்ற கரைப்பானால் முதலில் எண்ணெயைத் துடைத்துவிட்டு, அதன் பிறகே அலுமினியத்துக்கென்று ஒதுக்கிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷ்ஷால் ஆக்சைடைத் தேய்த்தெடுக்க வேண்டும். வரிசை மாறினால் பிரஷ்ஷே எண்ணெயை உலோகத்துக்குள் அழுத்திவிடும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இன்னொன்றும் உண்டு: ஏசி அறையிலிருந்து எடுத்துவந்த தகட்டிலும் கம்பிச் சுருளிலும் ஈரம் படியும். பட்டறையின் வெப்பநிலைக்கு அவை வந்து சேரும் வரை பொறுத்திருந்து, துடைத்துவிட்டுத்தான் டார்ச்சைக் கையில் எடுக்க வேண்டும்.