தரவுத்தளத்தில் சுட்டும் படியும்: ஒரு கலைச்சொல் நோக்கு

1. முன்னுரை

கைப்பேசிச் செயலியின் பின்புலத் தரவுத்தளத்தில் ஒரு தரவுப்பொருள் மற்றொன்றோடு கொள்ளும் தொடர்பை ஆங்கிலத்தார் ‘ரெஃபரன்ஸ்’ என்பர். இதனைத் தமிழாக்குவோர்க்கு ‘மேற்கோள்’ என்னும் சொல் முதலில் தோன்றக்கூடும். அச்சொல் இங்குப் பொருந்தாது என்பதையும், ‘சுட்டு’ என்பதே பொருந்தும் என்பதையும் பெங்களூரு சார்ந்த ஒரு சான்றுகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

2. படியும் சுட்டும்

ஒரு பாடப் பதிவு, தனக்குரிய காணொளியின் விவரங்களை இரு வழிகளில் கொள்ளலாம். அவ்விவரங்களைத் தன்னுள் படியெடுத்து வைப்பது ஒன்று. காணொளியின் அடையாள எண்ணை மட்டும் வைப்பது மற்றொன்று. முன்னது மேற்கோளை ஒத்தது; மூலம் திருத்தப்படினும் படி திருந்தாது. பின்னது சுட்டுப்பெயரை ஒத்தது. மூலம் திருந்தின் அதனைச் சுட்டும் இடமெல்லாம் திருத்தம் விளங்கும். மூலம் நீக்கப்படின் சுட்டு பொருளிழந்து நிற்கும். எட்கர் காட் 1970இல் வெளியிட்ட உறவுமுறைத் தரவுக் கோட்பாட்டிலேயே இச்சுட்டுமுறை இடம்பெற்றுள்ளது.

3. முன்பின் முறை

இயற்பெயரும் சுட்டுப்பெயரும் ஒருவரையே குறித்து வருமிடத்து, இயற்பெயரை முன்னும் சுட்டுப்பெயரைப் பின்னும் கூறவேண்டும் என்பது தொல்காப்பியக் கிளவியாக்க விதி. தரவுத்தளத்திலும் இம்முறையே பொதுவிதி. அடையாள எண்ணைச் சேமிப்புக் கணினி வழங்குமாயின், சுட்டப்படும் பொருளை முதலில் சேமித்தல் வேண்டும்; அதன்பின்னரே சுட்டும் பொருளில் அவ்வெண்ணை இட இயலும். செய்யுளில் சுட்டுப்பெயர் முற்பட வரலாம் எனத் தொல்காப்பியம் விலக்கும் அளிக்கிறது. இணைய இணைப்பற்ற கைப்பேசி, பிறவற்றோடு மயங்காத அடையாள எண்ணைத் தானே ஆக்கிக்கொண்டு, சேமிப்புக்கு முன்னரே சுட்டுவதை இவ்விலக்கோடு ஒப்பிடலாம்.

4. பெங்களூருச் சான்று

பெங்களூருவில் இயங்கும் ஏக்ஸ்டெப் அறக்கட்டளை உருவாக்கிய ‘சன்பேர்ட்’ என்னும் திறந்தமூல மென்பொருளின்மீது அமைந்தது, 2017 செப்டம்பர் 5இல் தொடங்கப்பெற்ற தீக்ஷா தளம். தமிழ்நாட்டில் 2018இல் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்கு வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பெற்றன. அச்சிட்ட குறியீட்டினுள் காணொளி இல்லை. தீக்ஷாவின் அமைப்பில் குறியீடு பாடப்பகுதியைச் சுட்டுகிறது. பாடப்பகுதி காணொளியைச் சுட்டுகிறது. இவ்விரட்டைச் சுட்டின் பயன் பெரிது. காணொளியை மாற்றவேண்டின் இரண்டாம் சுட்டை மாற்றினால் போதும். மாணவர் கையிலுள்ள நூலை மீண்டும் அச்சிட வேண்டுவதில்லை. மாறாக, காணொளியை நீக்குவோர் அச்சுட்டைக் கவனியாது விடின், குறியீட்டைப் படிக்கும் மாணவர்க்கு வெற்றுத்திரையே எஞ்சும். அச்சுநூலோ ஆண்டுக்கணக்கில் வழக்கிலிருப்பது.

5. முடிவுரை

மேற்கோள் என்பது பிறர் கூற்றைத் தன்னிடம் கொணர்வது. சுட்டு என்பது அது இருக்குமிடத்தைக் காட்டுவது. முன்னதைக் கையாளும் கையேட்டைப் படிக்கும் நிரலர், எண்ணை வைக்கவேண்டிய இடத்தில் படியை வைக்க நேரலாம். ஆதலின் ‘சுட்டு’ என்பதே ஏற்புடைத்து. ‘பொருள்’ என்னும் சொல்லும் ‘அர்த்தம்’ என்பதோடு மயங்குமாதலின் ‘தரவுப்பொருள்’ என விரித்தெழுதுதல் நலம்.