பச்சை உடம்பும் வேது வெள்ளமும்

பிரசவம் முடிந்த மூன்றாம் நாள் கழக்கூட்டத்து ஃபிளாட்டுக்கு வந்து, கட்டிலில் உட்காரப் போனேன். முடியவில்லை. கீழே போட்டிருந்த தையல் சுரீரென்று இழுத்தது. ஒரு தொடையில் பாரத்தைச் சாய்த்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அரைகுறையாக உட்கார்ந்தேன். நாகர்கோவிலிலிருந்து ரயிலேறி வந்திருந்த அம்மா, "பெத்த உடம்புன்னா வலிக்கத்தான் செய்யும் மக்களே, பொறுத்துக்கோ" என்றாள். அன்போடு சொன்னதுதான். ஆனால், தணிக்க வழி இருக்கிற வலியை எதற்காகப் பொறுக்க வேண்டும்?

திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க் ஐ.டி. வளாகம் 1990-ல் வந்த பிறகு நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரைப் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் கழக்கூட்டத்தில் வேலைக்கு வந்து குடியேறிவிட்டோம். தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீடு போன காலம் மாறி, அம்மாக்கள் இங்கே வருகிறார்கள். ஸ்ரீகாரியம், உள்ளூர் வழியாகப் போனால் மெடிக்கல் காலேஜும் அதைச் சேர்ந்த எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரியும் வந்துவிடும். பிரசவத்தில் தாய் உயிரைக் காப்பதில் கேரளத்துக்கு நல்ல பெயர் உண்டு. 2018–20 கணக்கில், 1 லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறக்கையில் இறந்த தாய்மார் இந்தியாவில் 97 பேர். கேரளத்தில் 19 பேர். பிழைத்து வீடு திரும்பியவள் எப்படி உட்காருகிறாள், எப்படி ஒன்றுக்குப் போகிறாள் என்பது எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

தையல் போட்ட இடம்

சுகப்பிரசவத்தில் தசை தானாகக் கிழிந்தாலும், டாக்டர் கீறிவிட்டாலும் தையல் விழும். முதல் இரண்டு மூன்று நாள்தான் வீக்கமும் வலியும் கூடுதல். பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் ஆறிவிடும். தையல் நூலும் பொதுவாகத் தானே கரைந்துபோகும், பிரிக்க வேண்டியதில்லை.

அந்த முதல் நாட்களில் கைகொடுப்பது குளிர்ச்சி. ஃபிரிட்ஜ் ஐஸ்கட்டியைச் சுத்தமான மெல்லிய துணியில் சுற்றி, 10 நிமிடம் வைத்து எடுக்க வேண்டும். சில மணி நேரம் கழித்துத் திரும்ப வைக்கலாம். ஐஸை நேராகத் தோலில் வைக்கக் கூடாது. 'பிள்ளை பெற்றவளுக்குக் குளிர்ச்சியா!' என்று வீட்டில் பதறுவார்கள். அந்த ஓர் இடத்தில் வைக்கிற ஐஸால் உடம்பு குளிர்ந்துவிடாது, பாலும் வற்றாது. உலக சுகாதார நிறுவனமே 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தையல் வலிக்குக் குளிர்ச்சி வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. மாத்திரையில் முதலில் அது சொல்வது பாராசிட்டமால். பால் கொடுப்பவர்களும் எடுக்கலாம். அது போதவில்லையென்றால் டாக்டரிடம் கேளுங்கள். கோடீன் கலந்த மாத்திரை பால் வழியாகப் போய்க் குழந்தையை மயக்கத்தில் ஆழ்த்தலாம்; ஆகவே வீட்டில் கிடக்கிற பழைய வலி மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஒன்றுக்குப் போகும்போது எரிச்சல் உயிரை எடுக்கும். வார்டில் ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுத்த வழியை நான் யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன். காலி தண்ணீர் பாட்டிலைக் கழுவி, மூடியில் நாலைந்து துளை போட்டு, வெதுவெதுப்பான நீர் நிரப்பிக் கழிவறையில் வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் வரும்போதே அந்த நீரைப் பீய்ச்சிவிட்டால் எரிச்சல் பாதியாகும். பிறகு மெத்தென்ற துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். கழுவுவது எப்போதும் முன்னிருந்து பின்னாக. பேடை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது மாற்றிவிடுங்கள்.

சேச்சியின் வேது வெள்ளம்

கேரளத்தில் 'பிரசவ ரட்சை' என்று ஒரு முறை உண்டு. தன்வந்தரம் குழம்பு தேய்த்து, இலை போட்டுக் கொதித்த நீரில் குளிப்பாட்டுவார்கள்; லேகியமும் அரிஷ்டமும் கொடுப்பார்கள். அந்தக் குளியலுக்கு வேதுக்குளி என்றும் அந்த நீருக்கு வேது வெள்ளம் என்றும் பெயர். அம்மாவுக்கு அந்தச் சொல் புதிதல்ல. 'வேது பிடிக்கிறது' என்று நம் பக்கமும் சொல்வோமே. என்னைக் குளிப்பாட்டப் பக்கத்துத் தெருவிலிருந்து வந்த சேச்சி புளியிலையையும் பலா இலையையும் பெரிய அண்டாவில் போட்டு கேஸ் அடுப்பில் ஏற்றினார். தண்ணீர் கட்டன் சாயா நிறத்துக்கு வந்ததும் ஃபிளாட் முழுக்கப் பச்சிலை வாசம்.

அந்த எண்ணெய்த் தடவலிலும் வெந்நீரிலும் முதுகும் இடுப்பும் விட்ட பிடியை நான் மறக்க மாட்டேன். இந்த வழக்கத்தை மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனம் வராது. தூக்கமில்லாத ஒருத்தியின் உடம்பை இன்னொரு பெண் அரை மணி நேரம் கவனமாகத் தொட்டுப் பார்ப்பதே பெரிய மருந்து. ஆனால், "வயறு ஒட்டணும் மோளே" என்று சேச்சி கொதிநீரை வயிற்றில் வீசி அடிக்கப் போனபோது கையைப் பிடித்துவிட்டேன். கருப்பை சுருங்குவது உள்ளே சுரக்கும் ஹார்மோனால். வெந்நீரை அடித்து அதைச் சுருக்க முடியாது; தோல்தான் வெந்துபோகும். சிசேரியன் ஆனவர்கள் காயம் ஆறும்வரை வயிற்றில் எண்ணெயும் சூட்டு நீரும் படவிடாமல் டாக்டரைக் கேட்டுத் தொடங்குவதே நல்லது. கீழ்த் தையலுக்கு இளஞ்சூடு போதும். அகலமான டப்பில் வெதுவெதுப்பான நீர் விட்டு 10 நிமிடம் உட்கார்ந்தால் சுகமாக இருக்கும்.

லேகியத்தில் கருப்பட்டியோ சர்க்கரையோ நிறைய இருக்கும். கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்கள் கேட்காமல் தின்ன வேண்டாம். அரிஷ்டத்தில் புளிப்பேறி உண்டாகும் ஆல்கஹால் இருப்பதையும் பால் கொடுப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும். ஆயுர்வேத முறையே வேண்டும் என்றால் பூஜப்புரையில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான அரசு ஆயுர்வேத ஆஸ்பத்திரி இருக்கிறது.

தண்ணீரும் நடையும்

"பச்சை உடம்பு, தண்ணி குடிச்சா வயிறு வைக்கும்" என்பது எனக்கு மிகவும் கோபம் வரவைக்கும் பேச்சு. பால் சுரக்க நீர் வேண்டும். நீர் குறைந்தால் மலம் இறுகும். தையலோடு முக்குவது எத்தனை கொடுமை என்று பட்டவளுக்குத்தான் தெரியும். தாகம் தீரக் குடியுங்கள். கீரை, காய், மட்டிப்பழம் எல்லாம் சாப்பிடலாம்.

ஓய்வு வேண்டியதுதான். அதற்காக 40 நாளும் படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். பிரசவத்துக்குப் பிந்தைய 6 வாரம் அந்த ஆபத்து இயல்பாகவே அதிகம். அறைக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக நடங்கள். சிசேரியன் ஆனவர்கள் இருமும்போது வயிற்றில் தலையணையை அணைத்துக்கொள்ளுங்கள்; குழந்தையை விடக் கனமான எதையும் தூக்க வேண்டாம்.

பால் கட்டிக்கொண்டால் அடிக்கடி கொடுப்பதும், இடையில் குளிர்ந்த துணி ஒத்தடமும் உதவும். முலைக்காம்பு புண்ணானால் பெரும்பாலும் குழந்தை காம்பை மட்டும் கவ்வுகிறது என்று அர்த்தம். காம்பைச் சுற்றியுள்ள கருவளையமும் வாய்க்குள் போகும்படி பிடித்துக் கொடுக்க வேண்டும்.

காத்திருக்கக் கூடாதவை

ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்தாலும், எலுமிச்சை அளவுக்கு ரத்தக்கட்டி விழுந்தாலும், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ரத்தப்போக்கில் துர்நாற்றம், தையலில் சீழ், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல் ஆகியவையும் அப்படித்தான். கடுமையான தலைவலியோடு கண் மங்கினால் ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம். பிரசவத்துக்குப் பிறகும் 6 வாரம் வரை அது வரக்கூடும். ஆம்புலன்ஸுக்கு 108.

காரணமில்லாமல் அழுகை வருவது முதல் இரண்டு வாரத்தில் சகஜம். அதற்கு மேலும் நீடித்தால், குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால், சாகலாமா என்று தோன்றினால் அது நோய். 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம்.

ஆறாம் வாரம்

வேலைக்குப் போகிறவர்களுக்கு 2017 மகப்பேறு சட்டத் திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதில் ஒரு நாளையும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆறாம் வாரப் பரிசோதனையையும் தவற விடாதீர்கள்.

என் பரிசோதனையில் குழந்தையின் எடை, தடுப்பூசி, பால் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. எழுந்து கதவுவரை வந்துவிட்டேன். கைப்பிடியில் கையை வைத்தபடி திரும்பி, "டாக்டர், இருமினா ஒன்னுக்கு வந்துடுது" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை மறுபடி உட்காரச் சொல்லி, ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். சிறுநீரை அடக்குவது போலக் கீழ்த்தசையை இறுக்கி, 5 எண்ணும்வரை பிடித்து, மெல்ல விட வேண்டும். ஒரு வேளைக்கு 10 தடவை, நாளைக்கு மூன்று வேளை. சிறுநீர் கழிக்கும்போது செய்து பார்க்கக் கூடாது. அங்கேயே, அந்த நாற்காலியிலேயே, என்னைச் செய்யவைத்து, தன் விரலை மடக்கி எண்ணினார்.