மழை மாசமும் சளிக் காய்ச்சலும்



ஐப்பசி பிறந்தால் போதும், நம்ம ஊர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு இருமல் சத்தம்தான். "மழையில நனைஞ்சே, அதான் சளி பிடிச்சிருக்கு" என்று பிள்ளைகளைத் திட்டுவோம். ஆனால் காய்ச்சலைக் கொடுப்பது மழைத் தண்ணீர் இல்லை. வைரஸ் என்னும் கண்ணுக்குத் தெரியாத கிருமி. நோய் உள்ளவர் இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் அது காற்றில் பரவுகிறது.

அப்படியானால் மழைக்காலத்தில் ஏன் அதிகம்?

ஃப்ளு காய்ச்சலுக்கு ஊருக்கு ஊர் பருவம் மாறும். ஐரோப்பாவில் கடுங்குளிர் மாதங்களில் வரும். காஷ்மீரிலும் ஜனவரி முதல் மார்ச் வரை அதிகம். டெல்லி, புனே பக்கம் ஜூலை முதல் செப்டம்பர் வரை. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதிகம். நம் தருமபுரி மாவட்டத்தில் ஆடி, ஆவணியிலும் மழை உண்டு. அப்போதும் கவனம் தேவை.

மழை, குளிர் என்றால் நாம் என்ன செய்கிறோம்? கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டு எல்லோரும் ஒரே அறையில் படுக்கிறோம். விறகடுப்புப் புகையும் உள்ளேயே நிற்கும். ஒருவர் இருமினால் அந்தக் காற்றைத்தான் மற்றவர்களும் சுவாசிக்கிறார்கள். குளிர்ந்த காற்றில் மூக்கின் எதிர்ப்புச் சக்தியும் சற்றுக் குறையும். தீபாவளிக்குப் பெங்களூரு, திருப்பூரிலிருந்து நம்மவர்கள் நெரிசலான பஸ்ஸில் வருவதும் இதே சமயத்தில்தான்.

வெயில் காலத்தில் வராதா?

"வெயில்ல கிருமி செத்துப்போகும்" என்று நம்பி இருந்துவிடக் கூடாது. 2021-ம் ஆண்டு கொரோனா இரண்டாவது அலை கத்திரி வெயிலில்தான் உச்சத்துக்குப் போனது. அந்த மே மாதம் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36 ஆயிரம் பேருக்கு மேல் நோய் கண்டறியப்பட்டது. புதிய கிருமிக்குப் பருவம் கிடையாது. அடைத்த அறையும் கூட்டமும் இருந்தால் போதும்.

நாம் செய்ய வேண்டியவை

* மழை விட்டதும் கதவு, ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள்.
* குழுக் கூட்டத்தைத் திண்ணையிலோ மரத்தடியிலோ நடத்துங்கள். காய்ச்சல் உள்ள உறுப்பினர் சந்தாவை மட்டும் கொடுத்து அனுப்பலாம். வராவிட்டால் அபராதம் போட வேண்டாம்.
* இருமும்போது முந்தானையால் வாயை மூடுங்கள். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.
* சுக்குக் கஷாயம் தொண்டைக்கு இதம் தரும்; ஆனால் கிருமியைக் கொல்லாது. கடையில் நாமே கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையும் வைரஸைக் கொல்லாது. காசுதான் வீண்.
* கர்ப்பிணிகள், முதியோர், சர்க்கரை நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் காய்ச்சல் வந்தால் உடனே ஆரம்ப சுகாதார நிலையம் செல்ல வேண்டும். ஃப்ளு தடுப்பூசி பற்றி மழைக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள்.

குழந்தையின் மூச்சை எண்ணுங்கள்

சளி நெஞ்சுக்கு இறங்கி நிமோனியா ஆனால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. குழந்தை அழாமல் இருக்கும்போது, வயிறு ஏறி இறங்குவதை 1 நிமிடம் முழுதாக எண்ணுங்கள்.

* 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை: 60 அல்லது அதற்கு மேல்
* 2 மாதம் முதல் 1 வயது வரை: 50 அல்லது அதற்கு மேல்
* 1 முதல் 5 வயது வரை: 40 அல்லது அதற்கு மேல்

இப்படி இருந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலமானாலோ, சோர்ந்து கிடந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ராத்திரி ஆச்சே, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை. கைச்செலவுக்குப் பணம் இல்லையென்று தயங்க வேண்டாம். அவசரத்துக்குக் குழுவின் உள்கடன் இருக்கிறது.

ஊக்குநர்கள் இதை அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்டி, மூச்சு எண்ணும் முறையைக் கைக்குழந்தை உள்ள ஒவ்வொரு தாய்க்கும் சொல்லிக்கொடுங்கள். வருமுன் காப்போம்!