தச்சுப் பட்டறைக்கு ஒரு ரூட்டர் மேசை

கோயம்புத்தூரிலிருந்து அவிநாசி செல்லும் சாலையில் உள்ள கருமத்தம்பட்டி, நெசவுக்குப் பெயர்பெற்ற வட்டாரத்தைச் சேர்ந்தது. அருகிலுள்ள சோமனூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் விசைத்தறியின் ஓசை நமக்குப் பழகிப்போன ஒன்று. மின்விசையால் ஓடும் கருவி இங்கு எவருக்கும் புதிதன்று. நம் தச்சர்களும் கைரூட்டரை விரும்பி ஏற்றுக்கொண்டுள்ளனர். இழைப்புளியும் உளியும் கொண்டு நெடுநேரம் முயன்று எடுத்த காடியை இக்கருவி சில நிமிஷங்களில் எடுத்துவிடுகிறது.

எனினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. படச்சட்டம், கண்ணாடிச் சட்டம் போன்ற மெல்லிய மரங்களின்மீது ரூட்டர் நிலையாக அமர இடமில்லை. அது சற்றுச் சாய்ந்தாலும் வேலை கெடும், கைக்கும் அபாயம். இதற்கு வழி, ரூட்டரைத் தலைகீழாக ஒரு மேசையின் அடியில் பொருத்திவிட்டு, மரத்தை அதன்மேல் நகர்த்துவதேயாகும்.

மேசையும் தகடும்

18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகைகள் இரண்டை ஒட்டி மேற்பலகை செய்துகொள்ளலாம். அது வளையாதிருத்தல் முக்கியம். ரூட்டரை இத்தடித்த பலகையில் நேராகப் பொருத்தினால், பிட் மேலே போதிய அளவு எழும்பாது. ஆகவே 6 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டையோ, சுமார் 10 மில்லிமீட்டர் பேக்கலைட் தகட்டையோ இடையில் அமைக்க வேண்டும்.

முதலில் மின்செருகியைக் கழற்றிவிட வேண்டும். பிறகு ரூட்டரின் அடியிலுள்ள பிளாஸ்டிக் தட்டைக் கழற்றி, அதையே அச்சாகக் கொண்டு தகட்டில் துளைகளைக் குறிக்கலாம். திருகாணிகளின் தலை தகட்டினுள் அமிழ்ந்திருக்க வேண்டும். அவற்றின் நீளமும் அளவாக இருத்தல் வேண்டும். மிகுந்தால் ரூட்டரின் உட்பாகத்தில் இடிக்கும்.

மேசையில் தகட்டுக்கான திறப்பை வெட்டி, தகடு உட்கார நாற்புறமும் விளிம்புப் படி விட வேண்டும். தகடு மேசையுடன் சமமாக அமர்வது இன்றியமையாதது. அது உயர்ந்திருந்தாலும் தாழ்ந்திருந்தாலும் மரம் விளிம்பில் தட்டி நிற்கும். படியின் மூலைகளில் சிறு திருகாணிகள் வைத்தால் மட்டத்தைச் சரிசெய்யலாம்.

பிட்டின் தண்டைக் காலெட்டினுள் முழுவதும் இறக்கி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே தூக்கிய பின்னரே இறுக்க வேண்டும். அடிவரை அழுத்தி இறுக்கினால் பிடி சரிவர அமையாது.

மரத்தைத் தள்ளும் திசை

மேசையின் பின்புறத்தில் நேரான தடுப்புக் கட்டை ஒன்றைப் பொருத்தி, பிட் நுழைவதற்கு அதன் நடுவில் இடம் விட வேண்டும். மரத்தை இக்கட்டையோடு ஒட்டித் தள்ள வேண்டும்.

எல்லாவற்றினும் முக்கியமானது தள்ளும் திசை. ரூட்டரைக் கையில் பிடிக்கும்போது, மேலிருந்து பார்த்தால் பிட் கடிகார முள்ளைப் போலச் சுழலும். தலைகீழாக்கியதும் சுழற்சி எதிர்த்திசையாகிவிடுகிறது. ஆகவே மேசைமுன் நிற்பவர் மரத்தை வலப்புறமிருந்து இடப்புறமாகவே தள்ள வேண்டும். அப்போது மரம் பிட்டை எதிர்த்துச் செல்லும். திசை மாறினால், பிட் மரத்தைப் பற்றி இழுத்து எறியும். மரத்தோடு கையும் பிட்டை நோக்கிப் போகும். தடுப்புக் கட்டைக்கும் பிட்டுக்கும் இடையில் மரத்தை நுழைத்தாலும் இதுவே நேரும்.

ஆழமான காடியை ஒரே தடவையில் எடுக்கலாகாது. சுமார் 3 மில்லிமீட்டராகப் பல தடவையில் எடுக்க வேண்டும். சிறு துண்டுகளைத் தள்ளுவதற்குக் கையன்று, தள்ளுகட்டையே ஏற்றது. பெரிய பிட்டுக்கு வேகத்தைக் குறைக்க வேண்டும். கையுறையும் தொங்கும் துண்டும் கூடா. கண்ணாடியும் முகமூடியும் வேண்டும்.

மின்சாரமும் சுவிட்சும்

ரூட்டரின் சுவிட்ச் மேசையின் அடியில் போய்விடுவதால், அதனைப் பூட்டிவைத்துச் சுவர்ச் சுவிட்சால் இயக்குவோர் உண்டு. வேலையின் நடுவே மின்சாரம் நின்று, பிட் அருகே நாம் கை வைத்திருக்கும் வேளையில் திரும்பி வந்தால் என்னவாகும்? ரூட்டர் தானே ஓடத் தொடங்கிவிடும். மின்சாரம் நின்றால் தானே விழுந்துவிடும் சுவிட்சை மேசையின் முன்புறம் பொருத்துவதே தக்கது. பிட் மாற்றும்போது செருகியையும் கழற்றிவிட வேண்டும்.

விசைத்தறியில் நாடா பறக்கும் வழியில் எந்நெசவாளரும் கை வைப்பதில்லை. நம் தச்சரும் அதே எச்சரிக்கையைக் கொள்வாராயின், சில பலகைகளாலும் ஒரு தகட்டாலும் ஆன இம்மேசை அவரது பட்டறைக்குச் சிறந்த துணையாகும். கதவுப் பலகையும் சட்டமும் ஒரே அளவில் அமையும், உழைப்பு குறையும், வருவாய் பெருகும். எல்லாவற்றுக்கும் மேலாக, தொழிலுக்கு முதலான விரல்கள் பத்தும் பத்திரமாக இருக்கும்.